வகுப்பு ஏறுமா, இறங்குமா?
பள்ளிப் பதிவேடு கணிப்பொறிக்குள் புகுந்த வரலாறு

புதுச்சேரி நகரில் ஒரு விந்தை உண்டு. கடற்கரையை ஒட்டிய பகுதியில் உள்ள பிரெஞ்சு லிசேயில் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று ஆறாம் வகுப்பில் சேர்கிறது. ஓராண்டு நன்றாகப் படித்துத் தேறிய பின் அது எந்த வகுப்புக்குப் போகும்? ஐந்தாம் வகுப்புக்கு! அதற்கடுத்த ஆண்டு நான்காம் வகுப்பு. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. எல்லாவற்றுக்கும் கடைசியில் 'தெர்மினால்' என்னும் முடிவு வகுப்பு. தோல்வியுற்றதால் கீழே இறக்கிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பிரெஞ்சுக் கல்வி முறையில் வகுப்புகளைப் பள்ளிப் படிப்பின் முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே வழக்கம். 1826-ஆம் ஆண்டில் தோன்றிய அந்தப் பள்ளி இன்றும் அவ்வழக்கப்படியே நடக்கிறது. அங்கிருந்து மேற்கே நடந்து கால்வாயைத் தாண்டினால் போதும். அரசுப் பள்ளிகளில் ஆறுக்குப் பின் ஏழு, ஏழுக்குப் பின் எட்டு.

இப்போது ஒரு கணிப்பொறி நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு இறுதியில் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளை அடுத்த வகுப்புக்கு மாற்ற வேண்டும். நிரல் எழுதுபவர் ஒரு வரியில் வேலையை முடித்துவிடுவார்: 'தேர்ச்சி என்றால் வகுப்பு எண்ணுடன் ஒன்றைக் கூட்டுக.' கால்வாய்க்கு மேற்கே இந்த வரி சரி. கிழக்கே அதே வரி ஆறாம் வகுப்புப் பிள்ளையை ஏழாம் வகுப்புக்கு அனுப்பும். அதாவது தொடக்கப் பள்ளிக்கே திருப்பி அனுப்பிவிடும்!

சிரிப்புக்குரிய சிறு பிழைதான். ஆனால் பள்ளி நிர்வாக மென்பொருளின் வரலாறு முழுவதும் இத்தகைய சிறு பிழைகளால் ஆனது. எங்கோ ஓர் ஊரில், அவ்வூர்ப் பள்ளியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நிரலை வேறோர் ஊருக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? அதைத் திருத்துபவர் யார்? திருத்துவதற்குக் கூலி கொடுப்பவர் யார்? கடந்த நாற்பது ஆண்டுகளாக உலகின் பல நாடுகள் இக்கேள்விகளோடு மல்லாடி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றைப் புதுவையில் நின்றுகொண்டு பார்ப்பது பயன் தரும். ஏனென்றால் மற்ற ஊர்களில் தனித்தனியே காணப்படும் சிக்கல்கள் எல்லாம் இச்சிறு ஊரில் ஒன்றாகக் கூடியிருக்கின்றன.

மூன்று பதிவேடுகள்

தலைமையாசிரியர் அறையில் உள்ள இரும்பு அலமாரியை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அதனுள் இருக்கும் பதிவேடுகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது சேர்க்கைப் பதிவேடு: பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், சாதி, தாய்மொழி, சேர்ந்த நாள். இரண்டாவது வருகைப் பதிவேடு. மூன்றாவது மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகம். நம் வழக்கில் 'டி.சி.' இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டவை. சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எழுத்து பிழைபட்டால் டி.சி.யில் அது பெருகும். பின்னர் கல்லூரியில், வேலையில், கடவுச்சீட்டில் அப்பிழை வாழ்நாள் முழுவதும் துரத்தும்.

வருகைப் பதிவேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இன்று எத்தனை பேருக்குச் சோறு என்ற கணக்கும் அதிலிருந்துதான் பிறக்கிறது. புதுவையில் பள்ளி மதிய உணவு பிரெஞ்சு நிர்வாகக் காலத்தில், 1930-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது என்பர். எனவே காலை மணி அடித்ததும் தலைகளை எண்ணி அடுக்களைக்குச் சொல்லும் பழக்கம் இங்கே மிகப் பழையது. மேலை நாட்டுப் பள்ளிக்கென எழுதப்பட்ட மென்பொருளில் வராத பிள்ளைகளின் பெற்றோருக்குக் கடிதம் எழுதும் வசதி இருக்கும். உலையில் எத்தனை படி அரிசி போடுவது என்பதற்கு வழி இருக்காது. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

பெட்டி வந்தது, சாவி வரவில்லை

இந்தியப் பள்ளிகளுக்குள் கணிப்பொறி பெருமளவில் நுழைந்தது 1984-ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்றின் வாயிலாக. பிரிட்டனில் பள்ளிகளுக்கென உருவாக்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறிகள் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் வைக்கப்பட்டன. எட்டுத் துண்டுச் செயலி; 32 கிலோபைட் நினைவகம். இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதனுள் அடைக்க முடியாது. மாணவர்களுக்குக் கணிப்பொறியை அறிமுகம் செய்வதே நோக்கம்; அலுவலகப் பதிவேடுகள் அலமாரியிலேயே இருந்தன.

பதிவேட்டுக்குக் கணிப்பொறி வந்தது அதற்குப் பத்தாண்டு கழித்து. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது எத்தனை பள்ளி, எத்தனை வகுப்பறை, எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு விரைவாகத் தேவைப்பட்டது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப் பொருளுதவி செய்ய, டில்லியில் உள்ள கல்வித் திட்ட நிறுவனம் 'டைஸ்' என்னும் மாவட்டக் கல்வித் தகவல் அமைப்பை வகுத்தது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30-ஆம் நாள் நிலவரத்தை நீண்ட படிவம் ஒன்றில் பள்ளிகள் எழுதித் தரும். அது மாவட்டத்தில் கணிப்பொறியில் ஏறும். பின் மாநிலத்துக்கும் டில்லிக்கும் போகும்.

பெரும்பணிதான், ஐயமில்லை. நாட்டின் கடைக்கோடிப் பள்ளியில் குடிநீர்க் குழாய் உண்டா என்பது அதற்கு முன் யாருக்கும் உடனே தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மென்பொருளை மாநிலங்கள் விலை கொடுத்து வாங்கவில்லை. இலவசமாகவே கிடைத்தது. என்றாலும் அதில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை ஊரில் இருப்பவர் மாற்ற முடியாது. பள்ளி விவரம் கொடுத்தது. பள்ளியின் அன்றாட வேலை ஏதும் அதனால் குறையவில்லை. டி.சி. பழையபடி கையாலேயே எழுதப்பட்டது.

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்தான். அதனால் 'விலையில்லாதது வேறு, தளையில்லாதது வேறு' என்று அவர்கள் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கோ 'இலவசம்' ஒரு சொல், 'கட்டற்றது' வேறொரு சொல். 1983-இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் கேட்டது இரண்டாவதைத்தான். நிரலை இயக்கவும், அதன் மூல வரிகளைப் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் பயன்படுத்துவோருக்கு உரிமை வேண்டும் என்றார் அவர். 1989-இல் இவ்வுரிமைகளைக் காக்கும் பொது உரிமம் ஒன்றும் எழுதப்பட்டது. பிற்காலத்தில் 'திறந்த மூலம்' என்ற பெயரும் இத்தகைய மென்பொருளுக்கு வழங்கலாயிற்று.

விண்வெளி சென்றவரின் நன்கொடை

தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் 1995-இல் இணையப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1999-இல் அதை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றபோது கிடைத்தது 57.5 கோடி டாலர். அப்போது அவருக்கு வயது 26. பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு 2002 ஏப்ரலில் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் ஏறி விண்வெளிக்குச் சென்று திரும்பினார். வாசகர்கள் அறிந்த 'உபுண்டு' இயங்குதளத்தை 2004-இல் தொடங்கியவரும் இவரே.

அவருடைய அறக்கட்டளை கையில் எடுத்த பணிகளில் ஒன்று 'ஸ்கூல்டூல்'. வளரும் நாடுகளின் பள்ளிகள் விலை கொடுக்காமல் பயன்படுத்தவும், அந்தந்த நாட்டுக்கேற்பத் திருத்திக்கொள்ளவும் கூடிய பள்ளி நிர்வாக மென்பொருள் வேண்டும் என்பது எண்ணம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே எழுதுவதைவிட, எல்லாருக்கும் பொதுவான அடித்தளம் ஒன்றை நன்றாக எழுதிவிட்டால், மேற்கட்டடத்தை அவரவர் கட்டிக்கொள்ளலாம் அன்றோ? பணம் தென்னாப்பிரிக்கரிடமிருந்து, நிரல் எழுதியவர்களில் பெரும்பாலோர் லித்துவேனியாவின் தலைநகர் வில்னியசில், திட்டத்தை நடத்தியவர் அமெரிக்காவில். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட அதன் வரிகள் அனைத்தும் பொது உரிமத்தின்கீழ்த் திறந்து வைக்கப்பட்டன.

இனி நடந்தது சுவையானது. வளரும் நாடுகளை எண்ணி எழுதிய மென்பொருளுக்கு மிக உறுதியான பயனாளர்களில் ஒருவராக அமைந்தது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டன் என்னும் வசதியான ஊரின் தொழிற்கல்வி மையம்! மாணவர் என்னென்ன திறன்களைக் கற்றுத் தேர்ந்தார் என்பதைக் குறித்துவைக்க அவர்களுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அங்கே பைத்தான் கற்பிக்கும் ஆசிரியர் இருந்தார். கற்ற மாணவர்கள் இருந்தனர். அவர்களே சேர்ந்து ஸ்கூல்டூலின் மேல் தமக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டனர். ஏழை நாட்டுப் பள்ளிக்குப் பணம் குறைவு என்பது எல்லாரும் அறிந்ததே. அதைவிடக் குறைவாக இருந்தது, நிரலைத் திறந்து திருத்தும் ஆள். நன்கொடை முதற்குறையை நீக்கியது. இரண்டாவதை அதனால் நீக்க முடியவில்லை. பத்தாண்டுக்கு மேல் நடந்த பிறகு ஸ்கூல்டூலின் வளர்ச்சியும் நின்றுபோயிற்று.

திருத்துதல் என்றால் என்ன?

'மொழிபெயர்த்துவிட்டால் போதாதா?' என்று மாணவ வாசகர் கேட்கக்கூடும். மொழிபெயர்ப்பு இதில் எளிய பகுதி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நிரலில் வரும் சொற்களைத் தனிக் கோப்பில் வைத்து, அதை மட்டும் தமிழாக்குவது வழக்கம். ஆனால் சில நிரலர்கள் சொற்களைத் துண்டுகளாக எழுதி இயங்கும்போது ஒட்டவைப்பார்கள். ஆங்கிலத்தில் 'ஆசிரியர்' என்ற சொல், பின் வேற்றுமை காட்டும் சொல், பின் வகுப்பு என்ற வரிசையில் வரும். துண்டுகளைத் தமிழாக்கினால் திரையில் 'ஆசிரியர் இன் வகுப்பு 8' என்று தோன்றும்! 'எட்டாம் வகுப்பின் ஆசிரியர்' என்று வர வேண்டுமானால் ஒட்டவைக்கும் இடத்தையே மாற்ற வேண்டும். மூல வரிகள் மூடியிருந்தால் அதைத் தொடவே முடியாது.

அகரவரிசையும் அப்படித்தான். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறை 1991-இல் முதற்பதிப்பு வெளிவந்தபோதே தமிழைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் ஓர் எழுத்துருவில் அடித்த பெயர் மற்றோர் எழுத்துருவில் குப்பையாகத் தெரியும். யூனிகோடு அத்தொல்லையைத் தீர்த்தது. ஆனால் அதன் எண் வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசை அன்று. அதில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது. நமக்கோ அது கடைசி எழுத்து. எனவே எண் வரிசையை அப்படியே நம்பும் நிரல் 'வனஜா'வை முன்னும் 'வள்ளி'யைப் பின்னும் வைக்கும். தமிழ் அகராதியில் வள்ளிதான் முன்னே. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும் ஆசிரியருக்கு இது நாள்தோறும் உறுத்தும்.

பெயரின் வரிசையைவிடப் பெயரே பெருஞ்சிக்கல். மேலை நாட்டு மென்பொருளில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும்: ஒன்று தன்பெயர், மற்றது குடும்பப் பெயர். இரண்டையும் நிரப்பாமல் மேலே செல்ல முடியாது. தமிழ்ப் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரின் தலையெழுத்துதான் உண்டு. எழுத்தர் என்ன செய்வார்? சிலர் தலையெழுத்தை அக்கட்டத்தில் போடுவர். சிலர் தந்தையின் முழுப்பெயரை. சிலர் வெறும் புள்ளியை வைத்து மேலே சென்றுவிடுவர். ஆண்டு முடிவில் ஒரே பள்ளியில் மூன்று வகைப் பெயர்கள்.

அந்தக் கட்டத்தை நீக்கிவிடலாமே என்றால், புதுவையில் அதுவும் ஆகாது! வரலாறு குறுக்கே நிற்கிறது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்தியர்கள் தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கலாம். ஏற்பவர் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிய வேண்டும். அவ்வியக்கத்தின் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்ற பெயரைச் சூடிக்கொண்டார். பிரெஞ்சில் அதற்கு 'வாயில்' என்று பொருள். அவ்வாறு பதிந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அப்பெயர்களைத் தாங்கியிருக்கிறார்கள். 1962 ஆகஸ்டு 16-இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும் உண்டு. ஆக, இவ்வூரின் ஒரே தெருவில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட உண்மையான குடும்பப் பெயருடைய பிள்ளையும், வெறும் தலையெழுத்துடைய பிள்ளையும் பக்கத்து வீடுகளில் வசிக்கலாம். நிரல் இருவருக்கும் இடம் தர வேண்டும்.

எழுத்துக்கூட்டல் வேறு. 'முத்து' என்ற பெயரில் வரும் உகரத்துக்கு ஆங்கில வழக்கில் ஓர் எழுத்து. பிரெஞ்சு வழக்கில் இரண்டு எழுத்துகள் சேர வேண்டும். தாத்தாவின் பிறப்புச் சான்றில் பிரெஞ்சு முறை, பேரனின் சேர்க்கைப் பதிவேட்டில் ஆங்கில முறை. ரோமன் எழுத்தை மட்டும் ஒப்பிடும் கணிப்பொறிக்கு இரு முத்துகளும் வெவ்வேறு முத்துகள். தமிழ் எழுத்தில் பெயரை முதன்மையாகக் கொண்டால் இக்குழப்பத்தில் பெரும்பகுதி மறையும். ஊர்ப் பெயருக்கும் இந்நிலைதான். 2006 அக்டோபர் முதல் நாள் 'பாண்டிச்சேரி' என்னும் பெயர் அதிகாரப்படி 'புதுச்சேரி' ஆயிற்று. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் அன்று முதல் இரண்டு பெயர்களும் நிலவுகின்றன.

இன்னும் உண்டு. புதுவை ஒன்றியப் பகுதி என்பது ஓரிடத்தில் இல்லை. காரைக்கால் தெற்கே 130 கிலோமீட்டரில். மாகே மேற்குக் கடற்கரையில் கேரளத்தால் சூழப்பட்டு. ஏனாம் ஆந்திரத்தில் காக்கிநாடா அருகே. ஓர் அரசு, மூன்று தாய்மொழிகள். நெடுங்காலம் புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. தேர்வு, மதிப்பெண், விடுமுறை எல்லாம் வேறுவேறு. நவம்பர் முதல் நாள் புதுவையில் விடுதலை நாள் விடுமுறை. எல்லைக்கு அப்பால் ஒரு கல் தொலைவில் தமிழ்நாட்டுப் பள்ளியில் மணி அடிக்கும்.

அண்டை நாட்டில் நடந்தது

மாகேயைச் சூழ்ந்துள்ள கேரளத்தில் இக்கதை வேறு விதமாக அமைந்தது. 2001-ஆம் ஆண்டு அங்கே பள்ளிகளில் தகவல் நுட்பத்தைக் கற்பிக்கத் தனித் திட்டம் ஒன்று தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து கட்டற்ற மென்பொருள் அமைப்பின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். சில ஆண்டுகளில் கேரளப் பள்ளிக் கணிப்பொறிகள் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. இதில் கவனிக்கத்தக்கது, கேரளம் முதலில் செலவிட்டது ஆசிரியர்மேல் என்பதே. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்களைத் தேர்ந்து, அவர்களைக் கொண்டு பிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். கணிப்பொறி பழுதானால் திறந்து பார்க்கும் துணிவு அங்கே பள்ளிக்குப் பள்ளி வளர்ந்தது.

2009-ஐ ஒட்டி ஃபொராடியன் என்ற சிறு இந்திய நிறுவனம் 'ஃபெடேனா' என்னும் பள்ளி நிர்வாக மென்பொருளை எழுதி, அதன் மூலத்தைத் திறந்துவிட்டது. கூடுதல் வசதிகளுள்ள பதிப்புக்கும் சேவைக்கும் கட்டணம். அடிப்படைப் பதிப்பு எல்லாருக்கும் பொது. கேரள அரசு அதை எடுத்துத் தன் தேவைக்கேற்பத் திருத்தி 'சம்பூர்ணா' என்று பெயரிட்டது. 15,000-க்கு மேற்பட்ட பள்ளிகள் அதில் சேர்ந்தன. சேர்க்கை விவரமும் டி.சி.யும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கலாயின. ஃபெடேனாவின் திறந்த பதிப்பு காலப்போக்கில் மந்தமடைந்தது. ஆயினும் கேரளத்தின் வேலை நிற்கவில்லை. அவர்கள் கையில் மூலம் இருந்தது. அதைவிட முக்கியமாக, மாதச் சம்பளத்தில் ஆள் இருந்தார்.

கேரளத்துக்கு இவ்வகையில் முன் அனுபவமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த காலத்தில் ஊர் மருத்துவமனைகளுக்கென உருவான தகவல் அமைப்பு ஒன்றை, நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகம் புதிதாக எழுதியது. அந்த இரண்டாம் பதிப்பு, 'டி.எச்.ஐ.எஸ். 2', முதன்முதலில் நடைமுறைக்கு வந்த இடம் 2006-இல் கேரளமே. இன்று ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றின் சுகாதாரத் துறைகள் அதைக் கொண்டு இயங்குகின்றன. காம்பியா, உகாண்டா போன்ற நாடுகளில் பள்ளிக் கணக்குக்கும் அதையே திருத்திக் கொண்டுள்ளார்கள். ஸ்கூல்டூல் போல இதுவும் நன்கொடையில் வளர்ந்ததுதான். ஆனால் அந்தந்த நாட்டிலேயே திருத்துவோர் குழுக்களைப் பயிற்றி வைக்க ஆஸ்லோ பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே முயன்றது. நார்வே அரசின் உதவியும் ஆண்டுதோறும் தடையின்றி வந்தது.

யாருடைய பணம், எதற்கான பணம்?

நன்கொடையாளர்களுக்குப் புதிதாக ஒன்றை எழுதுவதில் விருப்பம் அதிகம். தொடக்க விழா நடத்தலாம், பெயர்ப் பலகை வைக்கலாம். ஆறாவது ஆண்டில் 'மதிப்பெண் பட்டியல் அச்சாகவில்லை' என்று எங்கோ ஒரு பள்ளியிலிருந்து வரும் தொலைபேசியை எடுப்பவருக்குச் சம்பளம் கொடுக்க எவரும் முன்வருவதில்லை. அரசு அலுவலகங்களிலும் இதே நோய்தான். பொருள் வாங்க ஒப்பந்தப் புள்ளி கோரலாம்; நிரலைத் திருத்த இரண்டு பேரைப் பத்தாண்டுக்கு நியமிக்கக் கணக்குத் தலைப்புக் கிடைக்காது. திறந்த மூலம் உரிமக் கட்டணத்தை ஒழிக்கிறது என்று மகிழ்பவர்கள், அக்கட்டணத்தை மிச்சம் பிடித்து வேறெதற்கோ செலவிட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அந்தப் பணம் முழுவதும் திருத்துபவருக்கே போக வேண்டும்.

புதுவையில் அதற்கான ஆள் இல்லையா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் 1985-இல் தோன்றிய பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளைச்சாவடியில் முன்னாள் பொறியியற் கல்லூரி 2020-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நகரில் கட்டற்ற மென்பொருளுக்கென இளைஞர் இயக்கம் ஒன்றும் செயல்படுகிறது. ஆர்லிங்டன் மாணவர்களால் முடிந்தது இவர்களால் முடியாதது அன்று. ஆனால் மாணவர் படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார். அவர் எழுதியதைக் காத்து வைக்கக் கல்வித்துறையில் நிலையான நாற்காலி ஒன்று வேண்டும்.

இதன் அவசரத்தைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். புதுவை அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் தொடங்கிப் படிப்படியாக மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. அகமதிப்பீடு எத்தனை, எழுத்துத் தேர்வு எத்தனை, எதை எதனோடு கூட்டுவது என்ற விதிகள் எல்லாம் ஒரு கோடை விடுமுறைக்குள் மாறிவிட்டன. இத்தகைய மாற்றம் வரும்போது மூடிய மென்பொருள் வைத்திருக்கும் பள்ளி விற்றவரின் கருணைக்குக் காத்திருக்க வேண்டும். திறந்த மூலம் இருந்தும் திருத்துபவர் இல்லாத பள்ளியும் காத்திருக்கவே வேண்டும். அங்கே யாருக்காகக் காத்திருப்பது என்றுதான் தெரியாது.

எல்லையில் ஒரு பிள்ளை

புதுவை மாவட்டத்தின் நிலப்படத்தைப் பார்த்தவர்கள் வியப்பார்கள். துண்டு துண்டாக, தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பதினெட்டாம் நூற்றாண்டில் போரிட்டும் பேரம் பேசியும் பிரித்துக்கொண்டதன் எச்சம் அது. விழுப்புரம் சாலையில் பேருந்தில் செல்பவர் எல்லையைப் பலமுறை கடப்பார். அவருக்கு அது தெரிவதுகூட இல்லை. கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் குடிபெயரும் குடும்பங்களும் அப்படித்தான் கடக்கின்றன.

ஆனால் அக்குடும்பத்துப் பிள்ளை மட்டும் எல்லையைக் கடக்கும்போது ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளியில் அதற்கு ஓர் அடையாள எண். புதுவையில் வேறு பதிவு. டைஸ் அமைப்பின் வழிவந்த நாடு தழுவிய அமைப்பு 2022-23 முதல் பள்ளிவாரிக் கணக்கோடு நில்லாமல் மாணவர்வாரியாகவும் விவரம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் பெயர் ஒரே விதமாக இருந்தால் பிள்ளை ஒன்றே என்று தெரியும். ஒரு பக்கம் தலையெழுத்து முன்னே, மறுபக்கம் பின்னே, இன்னொரு பக்கம் புள்ளி என்றிருந்தால், பழைய பள்ளியின் பட்டியலில் அது 'இடைநின்ற பிள்ளை'. புதிய பள்ளியில் 'விவரம் சரிபார்க்கப்பட வேண்டிய பிள்ளை.' பாடநூலும் சீருடையும் உதவித்தொகையும் பட்டியலைப் பார்த்தே வருகின்றன.

இரு அரசுகளும் விவரம் பரிமாறிக்கொள்ளும் படிவத்தைத் திறந்து வைத்தால் இச்சிக்கல் பெருமளவு தீரும். நிரல்கள் வேறுவேறாக இருக்கலாம். பெயர், பிறந்த நாள், முடித்த வகுப்பு ஆகியவற்றை எந்த வரிசையில், எந்த எழுத்தில் எழுதுவது என்பதில் மட்டும் ஒற்றுமை இருந்தால் போதும். ஜோர்டான் நாட்டில் யுனெஸ்கோவின் துணையோடு திறந்த முறையிலான பள்ளித் தகவல் அமைப்பை நிறுவியபோது, சிரியாவிலிருந்து அகதிகளாக வந்த பிள்ளைகளையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களிடம் டி.சி. கூட இருந்திருக்காது. நம் எல்லையிலோ அரை மணி நடையில் பழைய பள்ளி இருக்கிறது.

எனவே ஜூன் மாதத்தில் புதிய பள்ளியின் எழுத்தர் இன்றும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: 'டி.சி. கொண்டு வந்திருக்கிறீர்களா?' தாய் முந்தானையில் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்து நீட்டுகிறார். எழுத்தர் அதைப் பார்த்துத் திரையில் பெயரை முதலிலிருந்து அடிக்கத் தொடங்குகிறார்.